காலண்டர் தாளில் ஏழாவது வரி

தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த ஒரு தாள். முன்பக்கம் தேதி, ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில் நீலப் பேனாவால் ஏழு வரி எழுதியிருந்தேன். ஏழும் ஸ்பானிஷ் வார்த்தைகள், தமிழ் எழுத்தில். நாலாவது வரி விரல் பட்டுப் பட்டு அழுக்கேறி மங்கிப் போயிருந்தது. ஏழாவது வரியை நானே அடித்திருந்தேன், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி. அந்தத் தாள் இப்போது என்னிடம் இல்லை. இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

நான் ஆட்டோ ஓட்டுகிறவன். பாண்டியில் கடற்கரைப் பக்கம் ஸ்டாண்டு. வெள்ளைக்காரர்கள் ஏறினால் வணக்கத்துக்கு ‘பொன்ழூர்’ என்பேன், இறங்கினால் நன்றிக்கு ‘மெர்சி’ என்பேன். இருபத்தைந்து வருஷமாகச் சொல்கிறேன், ஒரு நாளும் மனசாரச் சொன்னதில்லை. ஹாரன் அடிப்பது மாதிரி அது, தொழிலுக்கு வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது. அக்கா சோறு போட்டால் தின்றுவிட்டு எழுந்து போவேன். நன்றி என்று சொல்லியிருந்தால் உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள். மன்னிப்பும் அப்படித்தான். சண்டை போட்டால் ரெண்டு நாள் முகம் பார்க்க மாட்டோம். மூணாம் நாள் ‘சாப்டியா’ என்பாள், அதோடு முடிந்தது. அந்த ஒரு வார்த்தைக்குள் எல்லாம் இருக்கிறது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். நானும் சொல்லித் திரிந்தவன்தான். எல்லாம் அதற்குள் இருக்காது. சிலதை வாயைத் திறந்து சொல்லித்தான் தொலைக்க வேண்டும்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். கட்டிக்கொண்டவன் அவளை மாசமாக விட்டுவிட்டுத் திருப்பூர் போனான், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு அஞ்சு மாசம் ஆகும்போது திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒருவன் அக்காவைக் கட்டிக்கொள்ளத் தயார் என்று சொல்லி அனுப்பினான். குழந்தை வரக்கூடாது என்பது அவன் கண்டிஷன். அப்பா சரி என்றுவிட்டார். வெளியூரில் ஒரு குழந்தைகள் இல்லம். அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவார்கள். எனக்குக் கிடைத்தது அந்த பஸ் பயணம்தான்.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பத்தாவது பாஸ். இல்லத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் தாளை எடுத்து அக்காவுக்கு விளக்கிச் சொல்ல வந்தார். நான்தான் படித்துக் காட்டுகிறேன் என்று அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அப்பா பஸ்ஸிலேயே எனக்குச் சொல்லிவைத்திருந்தார். அந்த அம்மாள் வேறு ஏதோ பதிவேடு எடுக்க உள்ளே போன நேரம் பார்த்துப் படித்தேன். தாளில் ‘நிரந்தரமாக ஒப்படைக்கிறேன்’ என்று இருந்தது. நான் ‘ரெண்டு வருஷத்துக்கு ஒப்படைக்கிறேன்’ என்று படித்தேன். ரெண்டு வருஷத்தில் புதுப் புருஷன் மனசு மாறிவிடும், அப்புறம் வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்று அப்பா சேர்த்துச் சொன்னார். அக்கா கைநாட்டு வைத்தாள். கீழே சாட்சி என்று நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. சின்னப் பையன், அப்பா சொன்னதைச் செய்தான் என்று யாராவது சொல்ல வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். பத்தொன்பது வயசில் எனக்கு மீசை இருந்தது. ‘நிரந்தரமாக’ என்றால் என்னவென்று தெரியும்.

ரெண்டு வருஷம் முடிந்த அன்றைக்கே அக்கா அங்கே போய் நின்றாள். குழந்தை வெளிநாடு போய்விட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “ரெண்டு வருஷம்னுதானடா படிச்ச?” ஆமாம், அவர்கள் அப்புறமாக மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்றேன். நம்பினாள். அந்த இல்லத்தை அவள் சாகும்வரை திட்டினாள். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. திண்டிவனத்தானுக்கும் அவளுக்கும் வேறு குழந்தை பிறக்கவில்லை. அவனும் போய்ச் சேர்ந்தான், அப்பாவும் போனார். அக்கா பாண்டிக்குத் திரும்பி வந்து, இங்கே பாண்டி மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். அதே தெருவிலேயே எனக்கும் வீடு. தினமும் எனக்குச் சோறு போட்டாள்.

முப்பது வருஷத்துக்கு மேலே ஆனபிறகு ஒரு நாள் ஒரு டீச்சர் எங்கள் தெருவுக்கு விசாரித்துக்கொண்டு வந்தார். வெளிநாட்டுக்காரர்களோடு போய் அவர்கள் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்கிறவர். கையில் ஒரு போட்டோ. ஸ்பெயினில் வளர்ந்த பெண், பெற்ற தாயைத் தேடுகிறாள், அடுத்த வாரம் வருகிறாள் என்றார். போட்டோவில் இருந்தது அக்காவின் மூக்கு, அக்காவின் நெற்றி. அக்கா போட்டோவைக் கையில் வாங்கவே இல்லை. டீச்சர் பிடித்திருக்க, தள்ளி நின்று பார்த்தாள். பிறகு, அந்த ஊரில் என்ன பேசுவார்கள் என்று கேட்டாள். அந்தப் பெண் கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவாள், நான் தமிழில் மாற்றிச் சொல்கிறேன் என்றார் டீச்சர். ஸ்பானிஷ் தனக்குத் தெரியாது என்பதையும் சொன்னார். அக்கா தலையாட்டினாள். டீச்சர் போனதும் என்னிடம் வந்தாள்.

“நீ வெள்ளக்காரங்கள ஏத்தறவன்தான. அவ பாஷைல நாலு வார்த்த எனக்குச் சொல்லிக் குடு.”

டீச்சர்தான் இருக்கிறாரே என்றேன். மற்றதெல்லாம் டீச்சர் சொல்லட்டும், ஒன்றை மட்டும் நான்தான் சொல்ல வேண்டும், நடுவில் ஒருத்தி சொல்லக்கூடாது என்றாள். என்னை மன்னிச்சுடு என்பதை அந்த ஊரில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டாள்.

ஸ்டாண்டில் உட்கார்ந்து போனில் தமிழில் பேசினேன், அது ஸ்பானிஷில் சொன்னது. கேட்டுக் கேட்டு எழுதினேன். முதல் வரி ‘ஓலா’, பார்த்ததும் சொல்வது. அடுத்தது ‘புவேனோஸ் தியாஸ்’, காலை வணக்கம். பிறகு ‘கோமோ எஸ்தாஸ்’, எப்படி இருக்கிறாய். நாலாவது ‘மூச்சோ குஸ்தோ’, புது ஆளைப் பார்க்கும்போது, உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்பதற்கு. ‘போர் ஃபவோர்’ தயவுசெய்து. ‘கிராசியாஸ்’ நன்றி. ஏழாவது ‘பெர்தோன்’, மன்னித்துவிடு. எழுதும்வரை ஒழுங்காகத்தான் எழுதினேன். எழுதி முடித்து ஏழாவது வரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புத்தி வேலை செய்தது. அக்கா இதைச் சொன்னால் அந்தப் பெண் எதற்கு என்று கேட்பாள். அக்கா ரெண்டு வருஷக் கதையைச் சொல்வாள். டீச்சர் அதை மாற்றிச் சொல்வார். ரெண்டு வருஷம் என்று தாளில் இல்லையே என்று அந்தப் பெண் சொன்னால், படித்துக் காட்டியவன் யார் என்பதில் வந்து நிற்கும். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். ஒரு தடவை அடித்தால் போதாது என்று நாலைந்து தடவை அடித்தேன்.

அக்கா தாளைக் கையில் வாங்கி, படிக்கத் தெரிந்தவள் மாதிரி மேலிருந்து கீழே பார்த்தாள். கடைசியில் என்ன அடித்திருக்கிறது என்றாள். தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். அப்போ மன்னிச்சுடு எது என்றாள். என் விரல் நாலாவது வரியில் போய் நின்றது. “மூச்சோ குஸ்தோ” என்றேன். அக்கா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். நல்லா இருக்கு, வாயில சுளுவா வருது என்றாள்.

அந்த ஒரு வாரம் அவளைப் பார்த்திருக்க வேண்டும். தாளைக் கதவுக்குப் பின்னால் காலண்டர் ஆணியில் மாட்டியிருந்தாள். எழுத்து தெரியாது, எத்தனையாவது வரி என்பது தெரியும். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து வைத்துச் சொல்வாள். எதிர்வீட்டுக்காரியிடம் புவேனோஸ் தியாஸ் சொல்லியிருக்கிறாள். அவள், “இன்னாடி, வாய்ல சுடுசோறா?” என்று கேட்டிருக்கிறாள். சோப்புக் கம்பெனியில் பேக்கிங் பொம்பளைகள் எல்லாம் பாத்ரூம் போகும்போதும் வரும்போதும் ஓலா, ஓலா என்று சொல்லி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினார்கள். கிராசியாஸை மட்டும் அவள் கற்றுக்கொள்ள மறுத்துவிட்டாள். “பெத்தவ போயி பொண்ணுகிட்ட நன்றி சொன்னா, அவ என்னா நெனப்பா? நாம யாரோ எவரோன்னுதான நெனப்பா?” என்றாள். அந்த ஊரில் தண்ணீர் கொடுத்தால்கூடச் சொல்வார்கள் என்றேன். சொல்லட்டும், அவர்கள் பழக்கம் என்றாள். போர் ஃபவோரும் வேண்டாம் என்றாள். நாலாவது வரிக்கு வரும்போது மட்டும் குரலை இறக்கிக்கொள்வாள். கண்ணை மூடிக்கொள்வாள். நான் எதிரே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பேன். இப்போதாவது சொல்லிவிடு என்று எனக்குள் யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக எழுதினால் அது பொய். மாட்டிக்கொள்ளக்கூடாது என்பது ஒன்றுதான் எனக்குள் ஓடியது.

அந்தப் பெண் வந்தாள். எதிர்வீட்டிலிருந்து வாங்கிப் போட்ட பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தாள். காது குத்தியிருந்தது, எவன் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்களோ. கைகூப்பி ‘வணக்கம்’ என்றாள். அக்கா ‘ஓலா’ என்றாள். ரெண்டு பேரும் சிரித்துவிட்டார்கள், அப்புறம் ரெண்டு பேரும் அழுதார்கள். நான் வாசல் நிலைப்படியில் நின்றேன், உள்ளே போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து டீச்சரிடம் கொடுத்தாள். அக்கா கைநாட்டு வைத்த தாளின் நகல் அதில் இருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தனக்குள் வாசித்தார். பிறகு, படித்துக் காட்டப்பட்டது என்று போட்டிருக்கிறது, சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று அவள் கேட்கிறாள் என்றார். என்னுடையது என்றேன். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். டீச்சரிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினார்களா என்று கேட்கிறாள் என்றார் டீச்சர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டாள். “என் தம்பிதான் படிச்சான். நல்லா படிப்பான். பத்தாவது பாஸு.”

டீச்சர் அதை மாற்றிச் சொன்னார். அவள் தலையாட்டி ஃபைலை மூடினாள். அப்போதுதான் அக்கா எழுந்து போய் அவள் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் தாடையில் இறங்கிச் சொட்டுகிறது. மூச்சோ குஸ்தோ, மூச்சோ குஸ்தோ, மூச்சோ குஸ்தோ என்கிறாள். ஒரு தாய் முப்பது வருஷம் மனசில் வைத்திருந்ததைச் சொல்கிறாள், அவள் வாயிலிருந்து உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்று வருகிறது. அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு குழப்பம் வந்து போனது. பிறகு, நல்ல வளர்ப்பு, மரியாதையாகப் புன்னகைத்து ‘இகுவால்மெந்தே’ என்றாள். எனக்கும் அப்படியே என்று அர்த்தம். ஓட்டல் வாசலில் கைகுலுக்கிக்கொள்கிறவர்கள் சொல்லும் பதில் அது. அக்கா என் பக்கம் திரும்பி, என்னடா சொன்னா என்றாள். போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: “பரவால்லன்னு சொல்றாக்கா.”

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி நான் முன்னேயும் பார்த்ததில்லை, பின்னேயும் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் அந்தப் பெண் வீடியோவில் கூப்பிட்டாள். அவள் அங்கே ஏதோ வகுப்பில் சேர்ந்து தமிழ் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். நம் பாஷை ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு வார்த்தையாக அவள் வாயில் ஏறியது. அம்மா, சாப்டியா, மழையா, மாத்திரை போட்டியா. அக்கா எஸ்தாஸைத் தப்பாகச் சொன்னால் அவள் சிரித்துக்கொண்டே திருத்துவாள். போனை வைக்கும்போது ‘வைக்கிறேன்’ என்று சொல்லாதே, ‘வரேன்’ என்று சொல்லு என்று அக்கா அவளைத் திருத்துவாள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் கடைசியில் அக்கா நாலாவது வரியில் விரலை வைத்து மூச்சோ குஸ்தோ சொல்வாள். இகுவால்மெந்தே என்று பதில் வரும். அந்தப் பதில் வாரா வாரம் கொஞ்சம் தாமதமாக வருவதை நான் கவனித்தேன். அக்கா கவனிக்கவில்லை. அவளுக்குப் பரவாயில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தது. என் பொய் அவளுக்கு நிம்மதி கொடுத்தது என்று சிலர் சொல்லலாம். நானே எனக்கு அதைச் சொல்லிக்கொண்டேன். அந்த நிம்மதிக்கான விலையை அந்தப் பக்கத்தில் ஒருத்தி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் ஒரு காலை, கம்பெனிக்குக் கிளம்பும்போது அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. என் ஆட்டோவிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். போய்ச் சேரும்போது உயிர் இல்லை. அந்தப் பெண்ணால் உடனே வர முடியவில்லை. மூன்று மாசம் கழித்து வந்தாள், இந்தத் தடவை டீச்சர் இல்லாமல். அக்காவின் வீட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அக்கா உட்காருகிற இடம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு, யோசித்து யோசித்து, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்துக் கேட்டாள்.

“மாமா, ஒண்ணு கேக்கணும். அம்மா ஏன் எப்பவும் எனக்கு மூச்சோ குஸ்தோ சொன்னாங்க? அது புது ஆளுக்குச் சொல்றது. முதல் நாள் மட்டும் சொல்றது. எல்லா ஞாயித்துக்கிழமையும் சொன்னாங்க. நான் அம்மாவுக்குப் புது ஆளா?”

ஒரு பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான், அன்பாகத்தான் சொன்னாள். அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் நம்பியிருப்பாள். அக்கா மாதிரியே நம்புகிற முகம். அந்த முகத்தைப் பார்த்துத்தான் முடியாமல் போனது. எழுந்து கதவுக்குப் பின்னால் போய் ஆணியிலிருந்து தாளை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். அவளுக்கு அப்போது தமிழ் எழுத்து கொஞ்சம் பழகியிருந்தது. மேலே இருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். தன் பாஷையை நம் எழுத்தில் பார்த்து முதலில் லேசாகச் சிரித்தாள். மங்கிப்போன நாலாவது வரியில் விரலை வைத்தாள். அக்காவின் விரல் இருந்த இடம். உங்க அம்மா கேட்டது இது இல்லை என்று சொல்லி, ஏழாவது வரியைக் காட்டினேன். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அடித்த கோடுகளுக்கு அடியில் இருந்ததை எழுத்துக் கூட்டினாள். பெ. ர். தோ. ன்.

“யார் அடிச்சாங்க?”

“நான்தான்.”

ஏன் என்று கேட்டாள். சொன்னேன். பஸ்ஸில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் என்ன இருந்தது, நான் என்ன படித்தேன், ரெண்டு வருஷம் முடிந்த அன்று அக்கா எங்கே போய் நின்றாள், இகுவால்மெந்தேவுக்கு நான் என்ன அர்த்தம் சொன்னேன். புரியாத இடத்தில் அவள் கையைத் தூக்கி நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னாள். அப்படி நிறுத்தியதால் சிலதை ரெண்டு தடவை, மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் நானே அந்த வார்த்தையையும் சொன்னேன். பெர்தோன். சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. அவள் திருத்தவில்லை.

தாளை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். வெள்ளைக்காரத் தெருவில் அவள் தங்கியிருந்த இடத்துக்கு ஆட்டோவில் கொண்டுபோய் விட்டேன். கண்ணாடியில் பார்த்தேன், பையை மடியில் வைத்து ரெண்டு கையாலும் பிடித்திருந்தாள், குழந்தையைப் பிடிக்கிற மாதிரி. அக்கா சொல்லிக்கொடுத்த ‘வரேன்’ அவளுக்குத் தெரியும். அதற்காக எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். இறங்கினாள். நின்று என் முகத்தைப் பார்த்தாள். “நன்றி” என்றாள். மாமா என்று சேர்க்கவில்லை.

அக்கா வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணி மட்டும் இருக்கிறது. நான் ஸ்டாண்டுக்குப் போகிறேன், வருகிறேன். யார் யாரோ ஏறுகிறார்கள், பொன்ழூர் என்கிறேன். இறங்கும்போது அவர்களும் எனக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.